ட்ரை ஷிப்பர் பராமரிப்பு: திரும்பி வந்த கலனைச் சுத்தம் செய்வது முதல் மீண்டும் அனுப்புவது வரை

உறைய வைத்த கருவையோ, ஒரு நோயாளிக்காகவே தயாரித்த செல் மருந்தையோ வேறு ஊருக்கு அனுப்பும்போது, வழியில் அதைக் காப்பது ட்ரை ஷிப்பர் என்னும் ஓர் அலுமினியக் கலன்தான். அதில் மின்சாரமும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள வேக்குவமும் (காற்றை நீக்கிய வெற்றிடமும்), உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கும் திரவ நைட்ரஜனும் சேர்ந்துதான் சாம்பிளைப் பல நாட்கள் −150 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கின்றன. கரு போன ஜோடிக்கு இன்னொரு வாய்ப்பு இல்லாமலே போகலாம். அதனால் இந்தக் கலனைக் கழுவி, உலர்த்தி, சோதித்து வைக்கும் வேலையை லேபில் கடைசி வேலையாகத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கருவி திரும்பத் திரும்ப வரும்: எடைத் தராசு. ட்ரை ஷிப்பரை வெளியிலிருந்து பார்த்து அதன் உடல்நிலையைச் சொல்ல முடியாது. பளபளவென்று இருக்கும் கலனின் வேக்குவம் பாதி போயிருக்கலாம். கீறலும் நசுங்கலுமாக இருப்பது நன்றாக உழைத்துக்கொண்டிருக்கலாம். உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறதா, நைட்ரஜன் முழுதாக ஏறியதா, வேக்குவம் தளர்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் எடைதான் பதில் சொல்லும். கலனும் முழு நைட்ரஜனும் சேர்ந்த எடையைத் தாங்கி, 10 கிராம் வித்தியாசத்தையாவது காட்டும் தராசு ஒன்றை முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.

கலனின் உள்ளமைப்பு

உள் கலன், வெளிக் கலன் என இரண்டு அலுமினிய ஓடுகள். நடுவில் வேக்குவம். அதே இடைவெளியில் அலுமினியத் தாளும் கண்ணாடி இழைத் தாளும் மாறி மாறிப் பல அடுக்குகளாகச் சுற்றப்பட்டிருக்கும். காலப்போக்கில் உலோகத்திலிருந்து கசியும் வாயுவைப் பிடித்து வைக்க உறிஞ்சு பொருளும் கொஞ்சம் உள்ளே உண்டு. இரண்டு ஓடுகளையும் இணைப்பது கழுத்துக் குழாய் ஒன்றுதான். வெப்பம் எளிதில் கடத்தப்படாத கண்ணாடி இழைக் கலவையால் செய்து, அலுமினியத்தோடு பசையால் ஒட்டியிருப்பார்கள். உள் கலனின் முழு எடையும் அந்தக் கழுத்தில்தான் தொங்குகிறது. கலனை இழுப்பது, தடாலென்று வைப்பது, படுக்கப் போட்டு உருட்டுவது எல்லாம் ஏன் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

உள் கலனின் சுவரையும் அடியையும் ஒட்டி, திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் நுண்துளைப் பொருள் இருக்கும். நடுவில் உள்ள வெற்று இடத்தில், சாம்பிளைத் தாங்கும் கேனிஸ்டர் நிற்கும். நுண்துளைப் பொருளில் இரண்டு வகை உண்டு: தண்ணீரை விலக்குவது ஒன்று, தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்வது மற்றொன்று. உங்கள் கலன் எந்த வகை என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, கலனின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கீழே வரும் சுத்தம் செய்யும் முறை முழுவதும் இதைப் பொறுத்துத்தான் மாறும்.

கை வைப்பதற்கு முன்

திரவ நைட்ரஜனின் கொதிநிலை −196 டிகிரி. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு ஆகும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய சிறு அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும்போது மூச்சுத் திணறுவதாகக்கூடத் தோன்றாது, நேராக மயக்கம்தான் வரும். காற்றோட்டமான அறையில் மட்டும் வேலை செய்யுங்கள். ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்கும் அலாரம் அங்கே இருக்க வேண்டும். லிஃப்டில் கலனை ஏற்றினால் ஆள் கூடவே போகக் கூடாது.

முகக் கவசம், ஏப்ரன், மூடிய ஷூ, அதன் மேல் விழும்படி பேன்ட், சட்டென்று உதறிக் கழற்றக்கூடிய தளர்வான கிரையோ கையுறை ஆகியவை கட்டாயம். இறுக்கமான ரப்பர் கையுறைக்குள் திரவம் புகுந்தால், கையுறை இல்லாததைவிட மோசமான காயம் ஏற்படும்.

படி 1: திரும்பி வந்ததும் பார்க்க வேண்டியவை

வந்த நிலையிலேயே, மூடியைத் திறக்காமல், கலனைத் தராசில் வையுங்கள். அனுப்பியபோது இருந்த எடை, எத்தனை நாள் பயணம், இப்போதைய எடை மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். நாளுக்கு எவ்வளவு நைட்ரஜன் போயிருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். வழியில் படுக்கப் போட்டிருந்தாலோ வெயிலில் கிடந்திருந்தாலோ இழப்பு கூடும். பயணம் முழுவதும் கலனின் நிலையைப் பதியும் டேட்டா லாகர் கருவியில் சாய்வும் அதிர்வும் பதிவாகியிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு வெளி உடல். தோள்பட்டைப் பகுதியிலோ பக்கச் சுவரிலோ பனியோ வியர்வையோ தெரிந்தால், வேக்குவம் கெட்டிருக்கிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி. நைட்ரஜன் ஊற்றும்போது கழுத்து வாயில் படியும் பனி இயல்பானது, அதற்குப் பயப்பட வேண்டாம். வேக்குவம் எடுத்த துளையின் மேல் உள்ள மூடி அசையாமல் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். ஆர்வத்தில் அதைத் திருகிப் பார்த்தால் கலன் அந்த நொடியே செத்தது.

வெளிப்பெட்டியின் பழைய லேபிள்களை இப்போதே உரித்துவிடுங்கள். பழைய முகவரியும், பழைய யுஎன் 3373 முத்திரையும் (தொற்று இருக்கக்கூடிய உயிரியல் சாம்பிள் என்பதற்கான குறி) ஒட்டிய காலிக் கலன் அடுத்த பயணத்தில் தவறான ஊருக்குப் போகும், அல்லது விமான நிலையத்தில் முடங்கும்.

படி 2: முழுதாக அறை வெப்பத்துக்கு வர விடுதல்

அவசரப்பட்டுக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சாம்பிள், கேனிஸ்டர் எல்லாம் வெளியே எடுத்தபின், மூடியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்த நிலையில் கலனை விட்டுவிடுங்கள். முழு நைட்ரஜனோடு இருக்கும் நல்ல கலன் தானாகக் காலியாகப் பல நாட்கள் ஆகலாம். அந்தத் தாமதமே அதன் வேலைத்திறனுக்குச் சான்று. எடை பல மணி நேரத்துக்கு மாறாமல் நின்று, உள்ளே வைத்த வெப்பமானியும் அறை வெப்பத்தைக் காட்டினால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

ஹீட் கன், வெந்நீர், ஓவன் எதுவும் வேண்டாம். கழுத்தில் உள்ள பசை இணைப்பில் ஒரு பக்கம் கடும் குளிரும் மறு பக்கம் சூடும் பட்டால் நுண்ணிய விரிசல் விழும். வேக்குவம் மெல்லக் கசியத் தொடங்கும். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பற்றி யோசிக்கவே கூடாது.

முழுதாகச் சூடேறும் முன் உள்ளே ஈரத் துணி விட்டால், அந்த ஈரம் அப்படியே உறைந்து நுண்துளைகளில் போய் உட்காரும். கலனுக்குள் தவறி விழுந்த வயல் (சாம்பிள் உள்ள சிறு குப்பி) ஏதாவது கிடந்தால் நீண்ட இடுக்கியால் எடுங்கள், முகக் கவசத்தோடு. மூடி சரியாக மூடாத வயலுக்குள் திரவ நைட்ரஜன் புகுந்திருந்தால் சூடாகும்போது அது வெடிக்கும். உடைந்த வயல் கண்ணில் பட்டால், அதில் என்ன இருந்தது என்று தெரியும்வரை கலனைத் தொற்று உள்ளதாகவே கருதுங்கள்.

படி 3: அழுக்கை நீக்குதல்

கிருமிநாசினியை எடுக்கும் முன் அழுக்கு போக வேண்டும். ரத்தம், செல்களை வைத்திருக்கும் ஊடகத் திரவம், பசை போன்ற படலம் மேலே இருக்கும்வரை அதன் அடியில் இருக்கும் நுண்ணுயிரை எந்தக் கிருமிநாசினியும் ஒழுங்காகத் தொடாது. வீரியம் குறைந்த நடுநிலை டிடர்ஜென்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பஞ்சுத் துகள் உதிராத துணியால் துடையுங்கள். மேலிருந்து கீழாக, கழுத்திலிருந்து அடிவரை. கம்பி பிரஷும் தேய்க்கும் பவுடரும் அலுமினியத்தில் கீறல் விடும். அடுத்த முறை அழுக்கு தங்கப்போவது அந்தக் கீறலில்தான்.

தண்ணீரை விலக்கும் வகைக் கலன் என்றால், கையேடு அனுமதிக்கும் அளவு நீரை உள்ளே விட்டு அலசிக் கவிழ்க்கலாம். தண்ணீரை உறிஞ்சும் வகையில் உள்ளே நீர் ஊற்றவே கூடாது. நன்றாகப் பிழிந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேனிஸ்டரும் உள் தாங்கிகளும் தனியே கழுவப்பட வேண்டியவை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால், தயாரிப்பாளர் அனுமதித்தால், ஆட்டோகிளேவ் செய்யலாம். கலனின் மூடியான கழுத்து அடைப்பானின் ஃபோம் பகுதியில் விரிசலோ கறையோ இருந்தால் அடைப்பானையே மாற்றிவிடுங்கள். ஃபோமுக்குள் ஊறிய திரவத்தை எந்தக் கிருமிநாசினியாலும் முழுதாக எட்ட முடியாது, புது அடைப்பானின் விலையோ உள்ளே போகும் சாம்பிளின் மதிப்போடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

படி 4: கிருமி நீக்கம்

−196 டிகிரியில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று சிலர் கேட்பார்கள். வைரஸ்களையும் பாக்டீரியாக்களையும் லேப்கள் பத்திரப்படுத்துவதே அந்தக் குளிரில்தான். 1995-ஆம் ஆண்டு லான்செட் இதழில் லண்டன் மருத்துவர்கள் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார்கள்: ஒரே திரவ நைட்ரஜன் தொட்டியில் வைத்திருந்த பைகளில் ஒன்று கசிந்து, அதன் வழியே மற்ற நோயாளிகளுக்குக் கல்லீரல் அழற்சி பி வைரஸ் பரவியிருந்தது. அது சேமிப்புத் தொட்டி, ட்ரை ஷிப்பர் அல்ல. ஆனாலும் நிரப்பும்போது திரவம் கலனின் உட்புறம் முழுவதையும் தொட்டுப் போகிறது என்பதால், பாடம் நமக்கும் பொருந்தும்.

எந்தக் கிருமிநாசினி? ஒரே பதில் கிடையாது. 70 சதவீத எத்தனால் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எளிதில் கிடைக்கிறது, அலுமினியத்தை அரிப்பதில்லை. ஆனால் பாக்டீரியாவின் வித்துகளை அது கொல்லாது. கொழுப்பு உறை இல்லாத வைரஸ்கள் பலவற்றின் மீதும் பலம் குறைவு. வேகமாக ஆவியாகிவிடுவதால் மேற்பரப்பு தேவையான நேரம் ஈரமாக நிற்பதும் கடினம். நான்கிணைய அம்மோனியக் கலவைகள் அன்றாடத் துடைப்புக்கு ஏற்றவை, அவற்றுக்கும் வித்துகள் அடங்காது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலவைகளின் வீச்சு இவற்றைவிட அகலமானது, பின்னால் தண்ணீரும் ஆக்சிஜனும்தான் மிஞ்சும். தயாரிப்பாளர் அதை ஏற்கிறார் என்றால் என் முதல் தேர்வு அதுவே.

ப்ளீச் என்னும் சோடியம் ஹைப்போகுளோரைட் பெரும்பாலான கிருமிகளைத் தீர்த்துக்கட்டும். கூடவே அலுமினியத்தையும் அரிக்கும். தொற்று உள்ள சாம்பிள் கொட்டியதால் வேறு வழியில்லை என்றால், கையேடு சொல்லும் அளவுக்கு நீர்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்த அடுத்த நிமிடமே நல்ல நீரால் பலமுறை துடைத்தெடுங்கள். ப்ளீச்சோடு ஆல்கஹால், அமிலம், அம்மோனியா எதையும் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

எந்த மருந்தானாலும் பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம்வரை மேற்பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். துடைத்த கையோடு உலர்ந்துவிட்டால் மறுபடி தடவுங்கள். நேரம் முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் எச்சத்தை எடுங்கள். கரு, கருமுட்டை அனுப்பும் கலன்களில் இது இன்னும் முக்கியம். ஆல்கஹால் போன்ற ஆவியாகும் கரிமப் பொருட்கள் கருவின் அருகில் இருக்கவே கூடாதவை. ஆல்கஹால் எச்சத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஆக்சிஜனின் கொதிநிலை −183 டிகிரி என்பதால், திறந்து கிடக்கும் திரவ நைட்ரஜனில் காற்றிலுள்ள ஆக்சிஜன் திரவமாகி மெல்லச் சேரும். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் எரியக்கூடிய எச்சம் எதுவும் இருக்கக் கூடாது.

படி 5: உலர்த்துதல்

என்னைக் கேட்டால், முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்பது இதுதான். நுண்துளைப் பொருளில் தங்கும் ஒவ்வொரு துளி நீரும் நைட்ரஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறைந்தால் விரிந்து நுண்துளைகளையும் சிதைக்கும். கலன் ஒவ்வொரு முறையும் ‘நிரம்பி’விடும், ஆனால் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், பயண நாட்கள் சுருங்கிய பிறகுதான் ஆட்கள் கவனிப்பார்கள்.

நீர் விட்டு அலசிய கலனைத் தாங்கியில் கவிழ்த்து வைத்து முதலில் வடிய விடுங்கள். பிறகு நிமிர்த்தி, மூடியில்லாமல், தூசி விழாதபடி துகள் உதிராத துணி போர்த்தி, ஈரப்பதம் குறைந்த அறையில் 2 நாளாவது வையுங்கள். வடிகட்டிய உலர் காற்றையோ நைட்ரஜன் வாயுவையோ குழாய் வழியே அடிவரை மெதுவாகச் செலுத்தினால் சீக்கிரம் உலரும். நைட்ரஜன் வாயு என்றால் அறையின் காற்றோட்டத்தை மறக்காதீர்கள்.

உலர்ந்துவிட்டது என்று விரலால் தடவி முடிவு செய்ய வேண்டாம். கலன் புதிதாக வந்த நாளில், ஒரு துளி நைட்ரஜன்கூட ஊற்றாமல் எடுத்த வெற்று எடை உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். இன்றைய எடை அதைவிட 100 கிராம் கூடுதல் என்றால், ஏறத்தாழ 100 மில்லி தண்ணீர் எங்கோ இன்னும் ஒளிந்திருக்கிறது. வெற்று எடைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள்.

படி 6: நைட்ரஜன் நிரப்புதல்

முதலில் கொஞ்சமாக ஊற்றி, கலன் குளிர நேரம் கொடுங்கள். கழுத்துச் சுவரில் படாமல், புனலின் குழாய் கழுத்துக்குக் கீழே இறங்கியபடி ஊற்றுவது நல்லது. கொந்தளிப்பு அடங்கியதும் கழுத்தின் அடிமட்டம்வரை நிரப்பி, அடைப்பானைப் போட்டு வையுங்கள். நுண்துளைப் பொருள் உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றுங்கள். மட்டம் இறங்குவது நின்று, எடையும் நிலைக்கும்வரை இதைத் தொடர வேண்டும். அறை வெப்பத்திலிருந்து தொடங்கினால் ஒரு முழு நாள் கொடுப்பதே பாதுகாப்பு. காலையில் நிரப்பி மதியம் அனுப்பும் கலன் பாதிதான் நிரம்பியிருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது.

கடைசியில் நடுவில் நிற்கும் திரவத்தை முழுவதும் சாய்த்து ஊற்றிவிட வேண்டும். ‘ட்ரை’ என்ற பெயருக்கு உரிய நிலை அதுதான், விமான விதிகள் தரும் சலுகையும் அந்த நிலைக்குத்தான். பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வின் சிறப்பு விதி ஏ152, திரவ நைட்ரஜன் முழுதும் நுண்துளைப் பொருளில் உறிஞ்சப்பட்டு, கலன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் திரவம் வெளிவராமல், உள்ளே அழுத்தமும் சேராமல் இருந்தால், அந்த நைட்ரஜனை ஆபத்தான சரக்காகக் கணக்கிடுவதில்லை. உள்ளே இருக்கும் சாம்பிள் தொற்றுள்ளதா என்பது வேறு கேள்வி. யுஎன் 3373 வகை என்றால் பேக்கிங் வழிமுறை 650 தனியே பொருந்தும்.

அடைப்பான் எப்போதும் தளர்வாகவே உட்கார வேண்டும். வாயு வெளியேறுகிறதே என்று டேப் சுற்றி இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் கலன் வெடிகுண்டாகிவிடும்.

படி 7: வேக்குவம் சோதனை

முழுதாக நிரப்பி, திரவத்தை வடித்து, எடையைக் குறியுங்கள். முதல் 24 மணி நேர இழப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அப்போது கலன் இன்னும் நிலைகொண்டிருக்காது. அடுத்த 2 அல்லது 3 நாட்களுக்கு அதே நேரத்தில், அதே தராசில், அடைப்பானோடு எடை எடுங்கள்.

எடுத்துக்காட்டாக, வெற்று எடை 9.0 கிலோ, நிரப்பிய எடை 13.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 4.2 கிலோ நைட்ரஜன். ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.81 கிலோ என்பதால் அது சுமார் 5.2 லிட்டர். நாளுக்கு 0.40 கிலோ போகிறது என்றால் 10.5 நாள் தாங்கும். அடுத்த ஆண்டு அதே கலன் நாளுக்கு 0.55 கிலோ இழந்தால் கணக்கு 7.6 நாளாகச் சுருங்கிவிட்டது, வேக்குவம் தளர்கிறது. இழப்பு அப்படியே இருந்து, நிரப்பிய எடை மட்டும் குறைந்திருந்தால் நோய் வேறு: நுண்துளைப் பொருளில் ஈரம் ஏறியிருக்கிறது, அல்லது அது சிதைந்திருக்கிறது. முதல் வகைக்குத் தயாரிப்பாளரின் பழுதுபார்க்கும் மையம்தான் வழி. இரண்டாவது வகையில் நீண்ட உலர்த்தலுக்குப் பின் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

இந்த நாட்கள் எல்லாம் அசையாமல் நிமிர்ந்து நிற்கும் கலனுக்கு உரியவை. சாய்ந்தும் குலுங்கியும் போகும் பயணத்துக்கு நான் அதில் பாதியைத்தான் நம்புவேன். 10 நாள் கலனை 5 நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்குக் கொடுக்க மாட்டேன். சுங்கத்தில் ஒரு வார இறுதி சிக்கினால் அந்த மிச்ச நாட்கள்தான் சாம்பிளைக் காப்பாற்றும். அடிக்கடி பயணப்படும் கலனுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறையும், கீழே விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் உடனேயும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

படி 8: லாகரும் பதிவேடும்

டேட்டா லாகரின் சென்சார் முனை சாம்பிள் இருக்கும் உயரத்தில் நிற்க வேண்டும். அடியில் வைத்தால் எப்போதும் நல்ல செய்திதான் வரும். ஆண்டுக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்யுங்கள். இடையில் திரவ நைட்ரஜனில் முனையை நனைத்து −196-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. சென்சார் ஒயரையும் கிருமிநாசினியால் துடைக்க மறக்காதீர்கள், கலனுக்குள் போய் வருவது அதுவும்தான். பேட்டரி லித்தியம் என்றால் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கலனுக்கும் தொடர் எண்ணோடு தனிப் பதிவேடு வேண்டும். முன்பு உள்ளே என்ன போனது, எந்தக் கிருமிநாசினி, எவ்வளவு நேரம், யார் செய்தது, வெற்று எடை, நிரப்பிய எடை, நாள் இழப்பு. சிகிச்சைக்கான செல்களைக் கொண்டுசெல்வது பற்றிய ஐஎஸ்ஓ 21973:2020 தரநிலையைப் பின்பற்றும் இடங்களில் தணிக்கை செய்ய வருபவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான். முடிந்தால் மனித சிகிச்சைக்குப் போகும் கலன்களையும், விலங்கு சாம்பிள்களும் தொற்றுள்ள சாம்பிள்களும் போகும் கலன்களையும் கலக்காமல் தனித்தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

பயணம் இல்லாத நாட்களில்

உலர்ந்த கலனை நிமிர்த்தி, அடைப்பானை இறுக்காமல் வைத்து, தூசி படாதபடி மூடி, ஈரமில்லாத அறையில் வையுங்கள். அதன் மேல் வேறு பெட்டிகளை அடுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பயணம் என்ற அளவுக்கு வேலை இருந்தால், ஒவ்வொரு முறையும் சூடேற்றிக் குளிர்விப்பதைவிடக் குளிரிலேயே வைத்திருப்பது கழுத்து இணைப்புக்கு நல்லது. ஆனால் சாம்பிள் கசிந்திருந்தாலோ வேறு வகைச் சாம்பிளுக்கு மாறினாலோ முழுச் சுத்தத்தைத் தள்ளிப்போட முடியாது.

நாள் இழப்பு தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டிய கலனை, ‘பக்கத்து ஊருக்குத்தானே’ என்று பயன்படுத்தும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படி ஒதுக்கும் கலனில் சிவப்பு டேக் கட்டி, அடைப்பானைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அவசரத்தில் இருக்கும் இரவுப் பணியாளர் தவறியும் அதை எடுத்து நிரப்ப முடியாது.